எட்டரை மணிக் குதிரை

ஆடி 2, புதன்

காற்று. விடிந்ததிலிருந்து கதவு அடித்துக்கொண்டே. கூடமெல்லாம் புழுதி. இரண்டு தடவை பெருக்கியாயிற்று, மூன்றாவதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

பக்கத்துத் தெருவில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டிவிட்டார்கள். இனி ஸ்ரீரங்கத்தில் பாதி வண்டிகள் நம் தெரு வழியாகத்தான். ஆவணி வரை இப்படித்தானாம்.

மணி 8.30. காதர் பாயின் ஜட்கா. என் வீட்டுக்காரரை எட்டு வருஷம் டவுனில் இருக்கும் ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டி. அவர் காலமான பிறகு, என் கண்ணில் பட வேண்டாமென்று பாய் நாலு மாதமாகப் பக்கத்துத் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். இன்றைக்கு வேறு வழியில்லை.

குதிரை நம் வாசலில் நின்றுவிட்டது. பாய் அதட்டினார், இழுத்தார், சவுக்கைக்கூட எடுத்தார். அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். கால் மணி நேரம். நான் ஜன்னலுக்குப் பின்னால். அது நம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது.

அண்ணி ஜன்னலைச் சாத்தச் சொன்னார். (என் வீட்டுக்காரருடைய அக்கா. இருபது வயதில் தாலி இழந்து, அன்றிலிருந்து இந்த வீட்டில்தான்.) சாத்தினேன்.

ஆடி 3, வியாழன்

இன்றைக்கும். கடைசியில் பாய் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, வந்த வழியே திருப்பிக்கொண்டு போனார். ஒருவர் பஸ்ஸுக்கு நடந்தே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் இதே எட்டரைக்கு இந்த வண்டியில் ஏறிப் போனார். மத்தியானம், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. சாயங்காலம் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட்டிக்கொண்டு போனது இந்தச் சனியன். திருப்பிக் கொண்டுவரவில்லை. இப்போது யாரைக் கேட்டு வாசலில் நிற்கிறது?

அன்றைக்கு நான் வாசலுக்கு வரவில்லை. அடுப்பில் பால். அவர் போனதை நான் பார்க்கவில்லை, இது பார்த்தது.

மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஆடி 4, வெள்ளி

பல் தேய்க்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது. அவர் நேரே வண்டியில் ஏற மாட்டார். முன்னால் போய், குதிரையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்து, "ஹெட்கிளார்க் சார், போலாமா?" என்பார். டயம் தவறாது என்பதால் அந்தப் பேர். பாய் வைத்த பேர் சுல்தான். அது காதை ஒரு ஆட்டு ஆட்டும். அப்புறம்தான் ஏறுவார். நரைத்த தலையோடு குதிரையைக் கொஞ்சுகிறாரே என்று நான் எத்தனை தடவை கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

8.30. நின்றது. ஜன்னல் வழியாக பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் கையை வைத்துப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என் கை வேண்டாமாம்மா. இந்த வாசல்லேருந்து வர்ற கைதான் அதுக்கு வேணும்."

வண்டியில் மூன்று பேர். அண்ணி கொல்லையில். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். நாலு மாதத்தில் முதல் தடவையாகத் தெரு வெயில். கையை வைத்தேன். நெற்றி சூடாக இருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போலாமா என்றேன். காதை ஆட்டிவிட்டு நடந்தது.

உள்ளே இருந்த வக்கீல் குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கேஸுக்குப் போற நேரத்துல..." என்றது காதில் விழுந்தது. முழுக்கச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தாலி இல்லாதவள் எதிரே வந்தால் போகிற காரியம் என்னவாகும் என்று இந்தத் தெருவில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆடி 9, புதன்

தினமும் போகிறேன். அண்ணி பேசுவதில்லை.

ஹெட்கிளார்க்குக்குத் தெரிந்தவை:

வாசல் கம்பிக் கதவின் கொக்கி. உதட்டால் தூக்கிவிடுகிறது.

எடை. பாய் ஒரு கொள்ளு மூட்டையைப் பின்னால் பொத்தென்று போட்டு, ஆள் ஏறிவிட்ட மாதிரி ஏமாற்றினார். இரண்டு அடி போய் நின்று, கழுத்தைத் திருப்பி மூட்டையைப் பார்த்தது. மறுநாள் அந்த இரண்டு அடியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆபீஸ் கிடையாது, ஆகவே நிற்காது. எப்படிக் கண்டுபிடிக்கிறதோ. வண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லாததை வைத்துத்தான் என்கிறார் பாய். தெரியாமல் தலை வாரிக்கொண்டு வாசலில் போய் நின்ற பைத்தியம் நான் ஒருத்திதான்.

நான் பேசாமல் நின்றால் பிடிக்காது. தலையால் தோளில் இடிக்கும்.

என்ன பேசுகிறேன்? ஒன்றுமில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோனது. முருங்கைக் கிளை முறிந்தது. வாசலில் அவரிடம் சொல்கிற விஷயங்கள்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் நான் அழுவேனாம். "அப்படி ஆனதுலேருந்து" என்கிறார்கள், "அவர் இருந்தப்போ" என்கிறார்கள். செத்துப்போனார் என்ற வார்த்தையை நானும் இதுவரை வாயால் சொன்னதில்லை. குதிரைக்கு இந்த நாசூக்கெல்லாம் இல்லை. வருவார் என்று நிற்கிறது. அந்த இரண்டு நிமிஷம் எனக்கும் அவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. அதற்காகத்தான் போகிறேன். மற்றதெல்லாம் சாக்கு.

ஆடி 12, சனி

பால்காரி சொல்லித்தான் தெரியும். வ. குமாஸ்தா பஸ்ஸுக்கு மாறிவிட்டார். பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு குடும்பம் தெரு முனையிலேயே இறங்கிக்கொண்டது. பாய் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணிதான் சொன்னார், உன் துக்கத்துக்கு அந்த மனுஷன் பிழைப்பை ஏன் கெடுக்கிறாய் என்று. சரிதானே.

ஆகவே இன்று போகவில்லை. அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படியும் கேட்டது. பாய் யாரையும் அடிக்கிற ஆள் இல்லை, அவர் சவுக்கு விழும் சத்தம். ஒன்று, இரண்டு. ஆறாவதற்கு எழுந்து ஓடினேன். முதுகில் தோல் தடித்திருந்தது. அது என்னைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல எனக்குப் பின்னால் பார்த்தது.

தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பினேன்.

ஆடி 18, வெள்ளி

பதினெட்டாம் பெருக்கு. காவிரி இரு கரையும் தொட்டுப் போகிறதாம். தெருவெல்லாம் பட்டுப்புடவைச் சரசரப்பு. அண்ணியும் நானும் காலையிலேயே உள்ளே.

பாய் வண்டியில் அம்மா மண்டபத்துக்குப் போக ஐந்து சுமங்கலிகள். தட்டில் மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, காப்பரிசி. இன்றைக்கு மட்டும் நின்றுவிடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை. நின்றது.

பாக்கியத்தம்மாள் குரல் எனக்குத் தெரியும். போன வருஷம் ஆற்றங்கரையில் என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டவர்.

"வெளியே வந்துடாதே சரோஜா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். காத்துப் பார்த்துவிட்டு அது கொக்கியைத் தூக்கி உள்ளே நுழையப் பார்த்திருக்கிறது. சக்கரம் கதவுத் தூணில் மோதி, வண்டி குலுங்கி, தட்டு தெருவில். அடி யாருக்கும் இல்லை. கயிறெல்லாம் புழுதியில். அவர்கள் இறங்கி நடந்தே போனார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர்கள் முனை திரும்பிய பிறகு போனேன். கையை வைக்கவில்லை. அறிவிருக்கிறதா உனக்கு, நல்ல நாள் தெரியுமா, என்னைப் பார்க்கக்கூடாதென்று தெரியுமா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டது. கனம். அப்படியே நின்றோம்.

ஆடி 19, சனி

பாய் மத்தியானம் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. குதிரையை விற்கப் போகிறார். முசிறிப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரர் புதன்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போகிறார். வீட்டில் ஐந்து பிள்ளைகள், நேற்றைக்குப் பிறகு வண்டியில் ஏற ஆள் இல்லை. அவர்மேல் என்ன குற்றம்?

சூளையில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். குல்லாவைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு வருஷம் என்றார், அதுவும் நல்ல ஆளாக இருந்தால்.

இன்னொன்றும் சொன்னார். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் வாசலிலும் இப்படித்தான் நிற்கிறதாம். அங்கே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே நகர்ந்துவிடும்.

"உள்ள போன மனுஷன் வெளியே வரலியேன்னு நிக்குதும்மா. யாரும் அதுக்குச் சொல்லலையே. அவரு உடம்பு மையத்தா வேன்ல போச்சு. அது பாக்கல."

அவர் போன பிறகு அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"முப்பத்திரண்டு வருஷமா பகல்ல நான் வாசப்படி தாண்டல. எனக்காக ஒரு வண்டிகூட நின்னதில்ல."

சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டார். அழுகையா, கோபமா, தெரியவில்லை.

ஆடி 21, திங்கள்

எழுத வேண்டும்.

அவர் சாமான்கள் சில மேஜையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆபீசிலிருந்து மூன்று கடிதம் வந்திருந்தது. உடம்பு சரியில்லை என்று மூன்றுக்கும் பதில் போட்டேன். இன்று போனேன்.

புறப்படும்போது அண்ணி கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். வெளியே போகிறவர் யார் எதிரேயும் வரமாட்டார், அவ்வளவு வருஷப் பழக்கம்.

"எதிர்ல வாங்க அண்ணி" என்றேன். வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரோடு.

வண்டி காலி. கையை வைத்தேன், போலாமா என்றேன், நானே ஏறினேன். பாலத்தில் காற்று ஆளைத் தூக்கியது. கீழே செந்தண்ணீர், எதிரே மலைக்கோட்டை. எட்டு வருஷம் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார், ஒரு நாள்கூட வீட்டில் சொன்னதில்லை. சிந்தாமணியில் ஒரு வெற்றிலைக் கடை முன்னால் குதிரை தானாக நடையைக் குறைத்தது. வெற்றிலையை விட்டுவிட்டதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த ஆள். சிரிப்பு வந்துவிட்டது.

ஆபீஸ். அவர் நாற்காலியில் யாரோ ஒரு பையன், பார்த்ததும் எழுந்து நின்றான். மூக்குக்கண்ணாடி, ஒரு பேனா, ஆணியில் மாட்டிய கறுப்புக் கோட்டு. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். அரை மணி நேரம்.

வெளியே வந்தால் அது வாசலையே பார்த்துக்கொண்டு. நேரே அதனிடம் போனேன். கோட்டை முகர்ந்தது. காலர், கை, மறு கை. பைக்குள் மூக்கை விட்டு வெகு நேரம்.

"செத்துப்போயிட்டாரு" என்றேன். "மாசியிலயே செத்துப்போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு."

உரக்கத்தான் சொல்லியிருக்கிறேன் போல. பியூன் பார்த்தான், எதிர்க்கடைக்காரர் பார்த்தார். அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பாய்தான் அழுதார்.

திரும்பி வரும்போது பாலத்தில் மெதுவாக நடந்தது. பாய் விரட்டவில்லை.

ஆடி 22, செவ்வாய்

காற்று குறைந்திருக்கிறது. எட்டு மணியிலிருந்தே வாசலில்.

8.30. வண்டி. செவ்வாய்க்கிழமை பஸ் கூட்டம் போலிருக்கிறது, உள்ளே மூன்று பேர், வ. குமாஸ்தாவும் இருந்தார். ஹெட்கிளார்க் நிற்கவில்லை. நடையைக்கூடக் குறைக்கவில்லை. நேராகப் போய்விட்டது. பாய் எக்கித் திரும்பி என்னைப் பார்த்தார், நம்ப முடியாத முகம், கையைத் தூக்கி வானத்தைக் காட்டினார். சூளைக்காரர் வரவேண்டியதில்லை. பிழைத்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அவருக்காக இந்த ஊரில் காத்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அதற்கு விளங்கிவிட்டது. இனி நம் வாசலில் எந்த வண்டியும் நிற்காது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அண்ணிக்கு ஆன மாதிரி முப்பத்திரண்டு வருஷம்.

வண்டி தெரு முனைக்குப் போய்விட்டது. செருப்புக்கூட இல்லை. ஓடினேன்.

"பாய், நிறுத்துங்க!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டி நின்றது. பின்படியில் கால் வைத்து ஏறினேன். வ. குமாஸ்தா வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கே என்று பாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

"பின்பாரம் ஜாஸ்தி. எல்லாரும் கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்றார். தள்ளி உட்கார்ந்தோம்.