இருபத்து மூன்று கட்டைவிரல்கள்

கருப்பசாமி துணை

கீழக்குயில்குடி,
தாது வருடம் ஆவணி மாதம் 24ந் தேதி.

அன்பு மகன் நல்லகாமனுக்கு அப்பன் வீரணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தாளும் தங்கச்சி சோலையம்மாளும் செவலைப் பசுவும் கருப்பசாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீ பினாங்கில் அதைவிடச் சுகமாக இருக்கிறாய் என்பது போட்டோவில் உன் சட்டைப் பொத்தான் படுகிற பாட்டைப் பார்த்தாலே தெரிகிறது. உன் ஆத்தா மட்டும் பிள்ளை இளைத்துவிட்டான் என்று அழுதாள், அவளுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். மூணாங் கிளாசு படித்தவன் இம்புட்டு நீளமாக எழுதுகிறானே என்று சிரிக்காதே, பயம் வந்தால் எனக்கு வாய் நீளும் என்று உனக்குத் தெரியும், இன்றைக்குக் கையும் நீள்கிறது. விஷயம் இதுதான். சீனியம்மாள் மகன் காளை உங்கள் சீமைக்குக் கப்பல் ஏறப் போய்விட்டான். போய் இருபது நாளாகிறது, ஒரு தகவலும் இல்லை. நீதான் அவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவன் போனதற்குக் காரணம் நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். சித்திரையில் நீ ஆர்மோனியப் பெட்டியும் டோலக்கும் இரண்டு புல்லாங்குழலும் அனுப்பி, இங்கே துறைமுகத்து ஆட்கள் வைத்திருக்கிற பாட்டுச் சங்கம் மாதிரி நம்மூர் இளவட்டங்களுக்கும் ஒன்று வையுங்கள், காசு வாங்கக் கூடாது, யார் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்தபோது பிள்ளைக்கு அந்த ஊர் வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மாட்டுக் கொட்டத்தில் பாதியை ஒழித்து மெழுகிவிட்டேன், செவலைக்குத்தான் கோபம். நாடகக் கம்பெனி கலைந்து சும்மா இருந்த பேச்சிமுத்து பெட்டி வாசிக்க வந்தான், சாயங்காலச் சாப்பாடு போட்டால் போதும் என்றான், உன் ஆத்தா குழம்பை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு அதுவும் வேண்டாம் என்றான். ஒரு மாதம் ஒரு பயலும் எட்டிப் பார்க்கவில்லை. சும்மா சொல்லித் தருகிறோம் என்றால் நம்ம ஆட்கள் எப்படி நம்புவார்கள், சர்க்கார் நமக்குச் சும்மா கொடுத்தது விரலில் தடவுகிற மை ஒன்றுதான். பிறகு காளை வந்தான். நீ போகும்போது மூக்கு ஒழுகிக்கொண்டு உன் பின்னாலேயே திரிந்தானே அவன்தான், இப்போது மீசை அரும்பிவிட்டது. அவன் வாயைத் திறந்து பாடினான் பார், கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்கள் கயிற்றை நழுவ விட்டுவிட்டார்கள், வாளி எடுக்க நான்தான் இறங்கினேன். அதற்கப்புறம் அவனோடு சேர்த்து ஆணும் பெண்ணுமாக இருபத்து மூன்று பேர். நானும் ஒரு நாள் பாடினேன், பேச்சிமுத்து ரொம்ப மரியாதையாக, அய்யா நீங்க கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும் என்று சொல்லிவிட்டான்.

ஆடியில் உன் அடுத்த கடிதம் வந்தது. மதுரை ஆபீசில் சங்கத்தைப் பதிந்துவிட்டால் யாரும் வந்து கலைக்க முடியாது, சேர்ந்தவர்கள் பேரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான், கெடுத்தது நான். பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போனவர்கள், பேர் எழுதத் தெரியும். அது எனக்குத் தோன்றவே இல்லை மகனே. எனக்குத் தெரிந்த சர்க்கார்க் காகிதம் எல்லாம் விரலால் ஆனது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கட்டைவிரலைப் பிடித்துத் தாளில் அமுக்கினேன், கலியாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கிறவன் மாதிரி எனக்கு அம்புட்டுச் சந்தோசம். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். பேச்சிமுத்து ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் பேரை எழுதி, குழல், தாளம், பாட்டு என்று அவரவர் வேலையையும் எழுதினான். பொழுது சாய எல்லாம் கறுத்த விரலோடு வீட்டுக்குப் போயின.

நம்மூரில் ஒரு பிள்ளை கறுத்த விரலோடு வாசலில் வந்து நின்றால் பெற்றவள் என்ன நினைப்பாள். நம்ம ஆட்கள் எல்லாரையும் களவாளி என்று எழுதி ரேகைச் சட்டம் வந்த வருடம் என் பத்து விரலையும் உருட்டி எடுத்தார்கள், அன்றிலிருந்து பொழுது அடைந்தால் சாவடியில் போய்ப் படுத்து, பேர் கூப்பிட்டால் இருக்கேன் என்று சொல்லிக் கிடக்கிறேன், களவு செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் அங்கே ஒரே பாய். இவ்வளவும் தெரிந்த கழுதைதான் அன்றைக்குப் பிள்ளைகள் விரலைப் பிடித்தது. கிணற்றடி முழுக்க அழுகை, புளியையும் சாம்பலையும் வைத்துப் பிள்ளைகள் விரலைத் தேய்க்கிறார்கள். காளைக்கு வருகிற தையோடு ரேகை எடுக்கிற வயது. சீனியம்மாள் அவன் விரலைத் தோல் உரிகிற மட்டும் தேய்த்து, அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் கொட்டத்து வாசலில் வந்து நின்றாள். சத்தம் போட்டிருந்தால் ஏதாவது கேலி பேசித் தப்பியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள், "அண்ணே, உம்மகனை மட்டும் கடலுக்கு அங்கிட்டுப் பத்திரமா வச்சுக்கிட்டு, எம்மகன் கையை எதுக்குண்ணே பிடிச்சுக் கொடுத்த" என்று. இது பாட்டுத் தாள் தாயி, ஸ்டேஷன் தாள் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாறு வயதில் உன்னைக் கப்பல் ஏற்றியதும் அந்த மைக்குப் பயந்துதானே, அன்றைக்கு ஊரே என்னைக் கெட்டிக்காரன் என்றது. மூன்றாம் நாள் அவள் காது வெறுங்காதாக இருந்தது. தண்டட்டியை விற்றுச் சின்னான் கங்காணி கூட்டத்தோடு பிள்ளையை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டாள்.

கொட்டத்தில் பாட்டு நின்றுபோனது, செவலைகூடச் சரியாகக் கறக்கவில்லை. தாளை அடுப்பில் போடச் சொன்னாள் உன் ஆத்தா. எரித்துவிட்டேன் என்று நான் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு விரலாக வெட்டினேன். வீடு வீடாகப் போய் அவரவர் பிள்ளை விரலை அவரவர் கையில் கொடுத்தேன். ராக்கம்மாள் வாங்கின கையோடு அடுப்பில் போட்டு எரிந்து முடிகிறவரை குனிந்து பார்த்தாள், மாயக்காள் செம்புத் தண்ணீரில் பிசைந்து குப்பைமேட்டில் ஊற்றிவிட்டு எனக்கு மோர் கொடுத்தாள், செம்பைக் கழுவினாயா என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தேன். இருபத்திரண்டு கொடுத்தாயிற்று. சீனியம்மாள் மட்டும் கதவைத் திறக்கவில்லை. அந்த ஒரு துண்டு என் மடியில் இருக்கும்போதுதான் ஏட்டு வந்தார். கொட்டத்தில் உட்கார்ந்து ஆர்மோனியத்தை ஒற்றை விரலால் அமுக்கிக்கொண்டே, "என்ன வீரணா, ரேகையெல்லாம் வாங்கி லிஸ்டு போட்டிருக்கியாமே, கொண்டா, எங்களுக்கு வேலை மிச்சம்" என்றார். பயலுகளுக்கு ராகம் வரவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன் ஏட்டையா என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், மடியில் துண்டு நெருப்பாகச் சுட்டது. எழுந்து போகும்போது, சீனியம்மாள் மகனைக் காணோமே என்றார். மாமன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். எந்த மாமன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவர் நின்று அதட்டியிருந்தால்கூட எனக்கு இம்புட்டுப் பயம் இருந்திருக்காது. இனி அவன் திரும்பி வந்தால் ஓடிப்போனவன் என்று எழுதுவார்கள், அங்கேயே இருந்தாலோ எந்தத் தோட்டமோ எந்தக் காய்ச்சலோ, பாடத் தெரிந்த பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்றும் தெரியவில்லை.

போன வாரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் பதினோரு பேர் வாசலிலேயே நின்று, தாள் எதுவும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வாசிப்பு நடக்கிறது, சோலையம்மாள் ஜால்ரா போடுகிறாள், ஆனால் காளை பாடுகிற இடம் வந்தால் பெட்டி மட்டும் போகிறது, ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. சீனியம்மாள் என்னோடு பேசுவதில்லை. தபால்காரர் வருகிற நாளில் மட்டும் சாணி பொறுக்குகிற சாக்கில் கூடையோடு வந்து நிற்கிறாள், நான் இல்லை என்று தலையை ஆட்டினால் வெறுங்கூடையோடு போய்விடுகிறாள்.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பு. கப்பலை விட்டு இறக்கி ஒரு தீவில் வைத்து நோய் பார்ப்பார்களாமே, முதலில் அங்கே கேள், பிறகு சின்னான் கங்காணி எந்தத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோனான் என்று விசாரி. அடையாளம் சொல்கிறேன், சோறு தின்னும்போதும் முனகிக்கொண்டே தின்பான், வலது கட்டைவிரலில் மட்டும் தோல் புதுசாக இருக்கும். இத்துடன் அவன் துண்டை மடித்து வைத்திருக்கிறேன், காளை, பாட்டு என்று பேச்சிமுத்து எழுத்தில் இருக்கும். நீ வைத்துக்கொள்ளாதே, கிழிக்காதே, அவன் கையில் கொடு, அவன் என்ன செய்கிறானோ செய்யட்டும். அவனுக்கு எழுதத் தெரியும், தன் பேரைத் தானே எழுதி ஆத்தாளுக்கு ஒரு வரி போடச் சொல். அதை நான் கொண்டுபோய்க் கதவைத் தட்டுகிறேன். உங்கள் சங்கத்தில் அவனைப் பாடவும் விடு, யார் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று எழுதியவன் நீதானே.

கருப்பசாமி உன்னையும் அவனையும் ஒரே நிழலில் வைத்துக் காப்பாராக. எண்ணெய் தேய்த்துக் குளி, கடல்காற்றில் சட்டையைத் திறந்துபோட்டுத் திரியாதே, பொத்தானுக்கும் அதுதான் ஆசை என்றாலும். உன் ஆத்தா முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். பதில் எழுதும்போது மற்றக் கதையெல்லாம் பின்னால் இருக்கட்டும், முதல் வரியில் காளை இருக்கிறானா என்று எழுது.

இப்படிக்கு உன் அப்பன்,
வீரணன்.

இது என் கையெழுத்துதான், கோணலாக இருந்தாலும் எழுத்து. விரலைத் தொடவில்லை.