ரிப்பன் கட்டிய கத்திகள்

என் குட்டிப் பிசாசே,

பதினெட்டு வயது முடிந்ததும் அரசுக் காப்பகத்திலிருந்து என்னை வழியனுப்பிய கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் காப்பகத்தைப் போலவே அங்கும் கத்திகளைப் பூட்டித்தான் வைப்பார்கள். சாவி வைத்திருக்கும் காப்பாளர் கிரெய்க் அன்றைக்கு விடுப்பு. என் பிறந்தநாள் கேக்கை ஸ்கேலால் வெட்டினோம்.

குழந்தைகள் நல இலாகாவிலிருந்து வந்த லியான், "இனிமே நீ சொந்தக் கால்ல நிக்கப்போற, கண்ணு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரிப்பன் கட்டிய ஒரு பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே முழுக்கக் கத்திகள். நேற்றுவரை வெண்ணெய் தடவக்கூடக் கத்தி தராத மகராசிகள்! ஒரே இரவில் நான் திருந்திவிட்டேன் போலிருக்கிறது.

"அந்த ஸ்கேலையும் சேத்துக் குடுத்துடுங்க லியான், கை பழகிப்போச்சு" என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள்.

இப்போது டப்போ ஊரில் எனக்கென்று ஒரு சின்ன வீடு. சனி ஞாயிறுகளில் நீ வந்து தங்க அனுமதி கேட்டேன். வீட்டைச் சோதிக்க அதே லியான்தான் வந்தாள். சமையலறை இழுப்பறையைத் திறந்தவள் பாம்பைக் கண்டவள்போல் பின்வாங்கினாள்.

"என்னம்மா இது, கத்தியெல்லாம் இப்படித் தெறந்து கெடக்கு? சின்னப் பொண்ணு வந்து தங்குற எடமா இது?"

"நீங்க குடுத்ததுதான்."

"அது வேற, இது வேற."

அவளைத் திட்ட எனக்கு நல்ல நல்ல வார்த்தைகள் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். நீ வருவது அவள் கையெழுத்தில் இருக்கிறது.

இன்று கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி, இழுப்பறையில் நானே மாட்டினேன். சாவி என் கழுத்தில் தொங்குகிறது.

நீ வந்துவிடு. கிரெய்க் மாதிரி நான் ஒருநாளும் விடுப்பில் போக மாட்டேன்.

உன் அக்கா