பதினேழாம் எண்ணின் நிலை

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துத் திரையில் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் எண்ணோடு காட்ட நான் எழுதிய வலைப்பக்கம் இன்று ஓடத் தொடங்கியது. பத்து விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்கும். மாறிய வரி மட்டும் மாறும், மற்றது அசையாது. இனி நர்ஸ் வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாமாம்.

வீட்டில் விளக்கினேன். முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வண்டிய நிறுத்தாமலே டயர் மாத்துற வேலைன்னு சொல்லு!"

மார்ச் 6, வியாழன்

டீம் லீட் திரையைக் காட்டிக் கேட்டார். "மூலையில என்னம்மா அது, கடைசியாப் புதுப்பிச்ச நேரம்? அசிங்கமா இருக்குன்னு கிளையன்ட் சொல்றாங்க. தூக்கிடு."

தொடர்பு அறுந்தால் அதைப் பார்த்துத்தான் ஆட்களுக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது. வேறென்ன வந்திருக்கிறது எனக்கு, எப்போதாவது?

மார்ச் 13, வியாழன்

அப்பாவின் குடலில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். அதே மருத்துவமனை.

மார்ச் 19, புதன்

அப்பா பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "நாளைக்கு எம்பொண்ணு போர்டுல என் நம்பர் வரும், பாருங்க" என்கிறார். ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

மார்ச் 20, வியாழன்

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். போர்டில் அப்பாவின் வரி: எண் 17: அறுவை சிகிச்சை நடக்கிறது.

பதினொன்று. பன்னிரண்டு. அதே வரி. "இன்னும் நடக்குதாடி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீ பண்ணினதுதானே, சரியாத்தான் காட்டும்."

அப்போதுதான் கவனித்தேன் — பத்தொன்பதும் அசையவில்லை, இருபத்திரண்டும் அசையவில்லை. கவுன்டருக்குப் போனேன். "ஸ்கிரீனப் பாருங்கம்மா, லைவாத்தான் ஓடுது." "சரி மேடம்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். கதவைத் தட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். உட்கார்ந்தேன்.

ஒன்றரைக்கு நர்ஸ் படிவத்தோடு ஓடி வந்தார். உள்ளே ரத்தம் கசிகிறதாம், மறுபடி திறக்க வேண்டுமாம், கையெழுத்து. "எங்கம்மா போயிருந்தீங்க? பன்னெண்டு மணிக்கே கண்ணு முழிச்சுட்டார். என் கண்ணாடி எங்க, வீட்டுக்காரி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். 'உறவினர் வரலாம்'னு போர்டுல போட்டோமே!"

போர்டில்: அறுவை சிகிச்சை நடக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

அப்பா கண் திறக்கவில்லை. வென்டிலேட்டர்.

காத்திருக்கையில், நான் எழுதிய புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். பதில் வந்தால்தான் அடுத்த கேள்வி போகும்படி எழுதியிருக்கிறேன். பதில் ஒரே ஒருமுறை வராமல் போனால்? அதோடு கேட்பதையே விட்டுவிடும். நேற்று காலை 10.20-க்கு சர்வரின் நெட்வொர்க் ஒரு நொடி அறுந்திருக்கிறது. அவ்வளவுதான். மூலையில் நேரம் இருந்திருந்தால் பத்தரைக்கே பிடித்திருப்பேனே! ஏன் தூக்கினேன்? சொன்னார்கள், தூக்கினேன்.

மார்ச் 24, திங்கள்

காலை 6.40. அப்பா போய்விட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சாப்பிட்டியா?" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

வேலைக்குப் போனேன். பிழையைத் திருத்தினேன். நேரம் காட்டும் வரியையும் திரும்பப் போட்டேன். டீம் லீட் வந்து நின்றார். "இதை யாரும்மா போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். இருக்கட்டும்."

அவர் தன் இடத்துக்குப் போனார்.

ஆபரேஷனுக்கு முன்பே என் ஆபீஸ் கணினியில் திறந்துவைத்த அந்தப் பக்கம் மூடாமலே கிடக்கிறது. இங்கேயும் 10.20-க்கே நின்றிருக்கிறது. எண் 17: அறுவை சிகிச்சை நடக்கிறது. புதிய வரி தெரிய வேண்டுமானால் பக்கத்தை ஒருமுறை முழுதாக ரீலோட் செய்தாக வேண்டும். வேறு வழி இல்லை.

மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுத்தினேன்.

ஒரு கணம் வெள்ளை. பிறகு பட்டியல் வந்தது. எண் 17: உறவினர் வரலாம். வேறு யாரோ. மூலையில் 2.14. பத்து விநாடி கழித்தும் 2.14. பத்து, இருபது, முப்பது.

2.15.