மாடு தின்னாத தோல்

செவ்வாய், இரவு.

உடம்பெல்லாம் அசதி. எங்கள் நல்லதண்ணி ஊரில் யாத்திரை சீசன் தொடங்கிவிட்டது. மலையேற வருகிறவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து விடிய விடிய ரொட்டியும் கறியும் போக வேண்டும். என் விரல் வெடிப்பைப் பார்த்துத்தான் மகன் கொழும்பிலிருந்து காய் வெட்டும் மெஷினை அனுப்பினான். இன்றுதான் முதன்முதலாகப் போட்டேன். சொரசொரப்பான தட்டை மாட்டினால் உருளைக்கிழங்கு உருண்டு உருண்டு தோல் போய்விடுகிறது. கட்டம் போட்ட பிளேடை மாட்டினால் கேரட் சதுரம் சதுரமாக விழுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தோல் கூழாகிவிட்டது. எங்கள் கடைத் தோலெல்லாம் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்லம்மாவின் மாட்டுக்குத்தான் போகும். பதிலுக்கு அவள் டீக்குப் பால் தருவாள். இன்று கூழை வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"என்னாக்கா இது, சட்னியா? மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாலையும் வைத்துவிட்டு வெறும் கையோடு போனாள். அதுதான் உறுத்துகிறது.

பிறகு நாளைக்கான கேரட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தியால், வேண்டுமென்றே தோலைத் தடிப்பாகச் சீவினேன். பாதியில் மகன் போனில் வந்தான்.

"மெஷின் எப்படிம்மா? இப்ப கை வலி இல்லதானே?"

"இல்லப்பா. எல்லாம் அதுவே செஞ்சிருது" என்றேன், கத்தியைக் கீழே வைக்காமல்.