வாயை மட்டும் அசைங்க

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய கொயர் பாட்டுப் பயிற்சியிலும் மாஸ்டர் அதையேதான் சொன்னார். "மூஞ்சியத் தொங்கப் போட்டா சுருதியும் தொங்கிடும். சிரிச்சுக்கிட்டே பாடுங்க." சிரித்தேன். கன்னம்தான் வலித்தது.

முடிந்ததும் என்னை மட்டும் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். கடைசிப் பாட்டில் குரல் உச்சிக்கு ஏறுகிற வரி ஒன்று இருக்கிறது. "அங்க மட்டும் நீங்க சும்மா வாயை அசைங்க, போதும். தப்பா எடுத்துக்காதீங்க, பாஸிட்டிவா பாருங்க. யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

எதைப் பாஸிட்டிவாகப் பார்ப்பது? சரிங்க சார் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 5

பகலெல்லாம் லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால். அந்த இரைச்சலில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் நான் வாயைத் திறக்கிறது. அதுலயும் அசைச்சாப் போதுமாம்.

மகள் போனில் சொல்கிறாள், "விடும்மா, ஜாலிக்குத்தானே போற?" ஜாலிக்கா? போடி இவளே.

மார்ச் 11

அசைத்தேன். சிரித்துக்கொண்டே. பக்கத்தில் பல் டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு என்னமாய் உருகுகிறாள்! எனக்கு வயிற்றெரிச்சல்.

மார்ச் 18

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போய்விட்டேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

மார்ச் 25

இதை எப்படி எழுதுவது?

மேல் ஸ்தாயி வரிசையில் நாங்கள் ஆறு பேர். அதில் நன்றாகப் பாடுகிற அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் காய்ச்சல், வரவில்லை. எங்கள் வரிசை மட்டும் பாடுகிற அந்த வரி வந்தது. மாஸ்டர் கையை உயர்த்தினார். கீபோர்டு மட்டும் கேட்கிறது. நாலு வாயும் திறந்திருக்கு, நாலு முகத்திலும் சிரிப்பு — சத்தம்? மூச்!

பல் டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினாள். "உங்களையுமா?"

ஒவ்வொருத்தியையும் தனித்தனியாப் படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார் மனுஷன்! அவர் முகத்தில் ஈயாடவில்லை. வரிசைக் கடைசியில் நின்ற தபாலாபீஸ்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பார்த்தால் அழுகிறாள். எனக்கு இரண்டும் வரவில்லை.

கடைசியில் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கிழமைக் கச்சேரிக்குள்ள அவங்க ரெண்டு பேரும் வரலைன்னா கீபோர்டே அந்த வரியை வாசிக்கட்டும். நீங்க நாலு பேரும் சும்மா நில்லுங்க."

அசைக்கக்கூட வேண்டாம். அவ்வளவுதான் நாங்க.

மார்ச் 30, ஞாயிறு

கச்சேரி. அக்கா தங்கச்சிக்குக் காய்ச்சல் விடவில்லை.

அந்த வரிக்குக் கீபோர்டு தொடங்கியது. நான் பாடினேன். கீச்சென்று பிசிறியது. உடனே பல் டாக்டரம்மா. அப்புறம் மற்ற இரண்டு பேரும். பேசி வைத்துக்கொண்டதெல்லாம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் நெளிந்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வரி முடிகிற வரைக்கும் நாங்கள் விடவில்லை.

கைதட்டல் சுமார்தான். மாஸ்டர் நேரே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி என்னைச் சேர்ப்பாரோ, மாட்டாரோ.

தொண்டை எரிகிறது. வெந்நீர் வைத்திருக்கிறேன்.