கல்லில் உன் அப்பாவின் பெயர்

அன்புள்ள மகன் ஜெயதீபனுக்கு அம்மா எழுதுவது,

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், அதுதான் முறை. அந்த நேபாளத்து மலையில் உன் நெஞ்சுச் சளி மாறிவிட்டதா, இரவில் காதை மூடிக்கொண்டு படுக்கிறாயா? இங்கே டூங்கபி வீட்டில் தங்கை தர்சினி சுகம். எனக்கு வேலையிடத்தில் ஒரு முதியவரைத் தூக்கிவிடப் போய் வலது மணிக்கட்டு சுளுக்கிவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்லத் தர்சினி எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதமாட்டாளாம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்துத் தமிழில்தான் எழுதுவாளாம். ஆகவே வசனம் நன்றாக இருந்தால் அது அவளுடையது, கோபம் முழுவதும் என்னுடையது. எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவாள், கோயிலடியில் சிக்னல் கிடைத்ததும் வாசி. போனில் கதைத்தால் நான் கத்திப்போட்டு வைத்துவிடுவேன், ஒன்றும் உனக்கு ஏறாது.

விசா நிரந்தரமானதும் நீ போன முதல் பயணம் இது. திபெத்தியருடைய பழைய கோயில், அங்கே கல் செதுக்கப் பழகப்போகிறேன் என்றாய், நான் மறித்தேனா? வெயார்ஹவுசில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு வளைந்த பிள்ளை, போய் வரட்டும் என்றுதான் விட்டேன். நீ அனுப்பிய படங்களை நானும் தங்கையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். உனக்குப் பழக்குகிற அந்த மனிதர் ஆற்றுக் கல்லைக் காலிடுக்கில் வைத்துச் சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார், எழுத்தை வெட்டாமல் எழுத்தைச் சுற்றியுள்ள கல்லைத்தான் கொத்துகிறார், அதனால்தான் எழுத்து மேலே எழும்பி நிற்கிறது என்று தர்சினி கண்டுபிடித்துச் சொன்னாள். உடனே நூலகத்துக்கு ஓடிப் புத்தகம் எடுத்து வந்து, இவை மந்திரக் கற்கள், இவற்றை அடுக்கியே சுவர் எழுப்புவார்கள், சுற்றி வந்து கும்பிடுவார்கள் என்று நான் சமைக்கும்போது குசினிக்குள் நின்று வாசித்துக் காட்டினாள். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். நீ கண்ணாடி போடாமல் கொத்துவதுதான் பிடிக்கவில்லை, கண்ணுக்குள் கல்தூள் பறந்தால் அந்த மலையில் எந்த டொக்டரிடம் போவாய்?

பிறகு குடும்பக் குறூப்பில் அந்தப் படத்தைப் போட்டாய். மந்திரத்துக்குக் கீழே தமிழில் சிவசோதி என்று உன் அப்பாவின் பெயர், நீயே செதுக்கியது. கூடவே ஒரு வொயிஸ் மெசேஜ், அது எனக்கு இப்போது மனப்பாடம். "அம்மா, கல்லு ஆருக்கெண்டு கேட்டவை. இந்தக் கோயிலிலை உயிரோடை இருக்கிறவைக்கு ஒரு சுவர், செத்தவைக்கு ஒரு சுவராம். அவைக்கு எங்கடை கதையை விளங்கப்படுத்த ஏலாது, அப்பா செத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டன். பறுவத்தண்டு, முழு நிலவிலை, பூசை செய்து சுவரிலை வைப்பினமாம்." விளங்கப்படுத்த ஏலாதாம்! இந்த நாட்டு இமிக்ரேஷன்காரருக்கு, லோயருக்கு, மொழிபெயர்க்க வந்தவருக்கு, எல்லாருக்கும் நான் விளங்கப்படுத்தவில்லையா? ஊரில் சண்டை முடிந்த அன்று, பெயர் பதிய வேண்டும் வா என்று ஆமிக்காரர் கூப்பிட்டு என் கண்ணுக்கு முன்னால்தானே உன் அப்பாவை பஸ்ஸில் ஏற்றினார்கள். இவள் கைக்குழந்தை, நீ என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பிணம் காணவில்லை. கூட்டிக்கொண்டு போனவர்களைத்தான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டு முடியுமுன் நீ எப்படிப் பதில் சொல்லுவாய்?

நீ போட்ட படத்தால் இங்கே நடந்த கூத்தைக் கேள். மறுநாள் காலை நாகலட்சுமி அன்ரி குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து இடியப்பமும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டு வந்து இறங்குகிறா, செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று! வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுகை. "இவ்வளவு காலமும் மனசைத் திடப்படுத்தாமல் இருந்தனீர், பெடியனே செய்திட்டான், இனியாவது ஐயரைக் கூப்பிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்யும்" என்றா. சொல்லும்போது அவவின் கண் என் பொட்டிலேயே நின்றது. என் அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தர்சினிதான், "அன்ரி, இங்கை ஒருத்தரும் சாகேல்லை, இடியப்பத்தை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள். அன்ரி கோபித்துக்கொண்டு இடியப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டா.

கல்லை உடைத்துப்போடு என்றுதான் உனக்குச் சொல்ல இருந்தேன். அதை எழுதச் சொன்னதும் இவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "இமிக்ரேஷன் ஃபோம்களிலை தவிர அப்பான்ரை பேரை நான் இப்பதான் ஒரு இடத்திலை பாக்கிறன், அண்ணா ஒவ்வொரு எழுத்தாக் கொத்தியிருக்கிறார், நான் இதை எழுதமாட்டன்" என்றாள். அவளுக்கு அவருடைய முகம்கூடத் தெரியாது. எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். சரி, உடைக்க வேண்டாம். ஆனால் பறுவத்துக்கு முதல் அந்த மனிதரிடம் போ, மொழிபெயர்க்கிற ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போ. நீ முதல் சொன்னது பொய் என்று சொல்லு. அப்பாவைக் கொண்டுபோனார்கள், திருப்பித் தரவில்லை, இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆளில்லை என்று சொல்லு. கல்லோடு கிடக்கிற மனிதருக்கு அது விளங்காமல் போகாது. அப்படியானவருக்கு எந்தச் சுவர் என்று அவரையே கேள். இருக்கிறவர்களுடைய சுவரில் வை என்று நான் அடம்பிடிக்கவில்லை, அது உனக்குப் பொய்யாகப்படும் என்று எனக்குத் தெரியும். நீ அப்பாவின் வழி பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனாய், அதுவும் தெரியும். களைத்தால் நீ ஓய்ந்திரு மகன், என்னுடைய காத்திருப்பையும் சேர்த்து முடித்துவைக்காதே. இரண்டு சுவரிலும் இடமில்லையென்றால் கல்லை வீட்டுக்குக் கொண்டு வா. பாரமென்றால் உடுப்பை விட்டுவிட்டு வா, குளிர் ஜாக்கெட்டை மட்டும் விட்டுவிடாதே.

குறூப்பிலும் நீயே திருத்திப் போட வேண்டும், நான் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும், நல்லபடி வந்து சேர், அதற்குப் பிறகு கோபத்தைப் பார்ப்போம். கடைசியில் அம்மா என்று மட்டும் போட்டால் போதும் என்கிறாள் தங்கை. இந்தக் கடிதத்துக்கு அது போதாது.

இப்படிக்கு,
திருமதி சிவனேஸ்வரி சிவசோதி