ஒல்லி உடம்பில் கொழுப்பு

செப். 12, புதன்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் சீசன். சரம் பின்னும் வேலை. மதியத்துக்குள் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சுவரில் சாய்ந்தேன். பக்கத்தில் மாரி, என் கொழுந்தன் பெண்டாட்டி. நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்தும் அவள்தான் தோசை சுட்டாள். நல்லெண்ணெய் ஊற்றி அவளும் நாலு தின்றாள். பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல்.
மாமியார், என் காதில் விழ: "இவளுக்கு வேலைக்கு உடம்பு வணங்கல. மாரியப் பாரு."

செப். 15, சனி
அசதி தீரவில்லை என்று விருதுநகர் ஆஸ்பத்திரி. ஸ்கேன். ஈரலில் கொழுப்பாம். எலும்பும் தோலுமாக இருக்கிற எனக்கா! ரத்தமும் எடுத்தார்கள்.
மாமியார்: "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, இவளுக்குக் கொழுப்புன்னு."
மாரி சிரிப்பை அடக்கினாள். பார்த்தேன்.

செப். 20, வியாழன்
சி வகைக் காமாலைக் கிருமி. சின்னவன் பிறந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாமாம்.
"கண்ணு மஞ்சளா இல்லையே?" என்றார் என் வீட்டுக்காரர்.
"எல்லாருக்கும் மஞ்சள் தெரியாது" என்றார் டாக்டரம்மா. ஈரல்தான் கொழுப்பை எரித்துத் தெம்பாக்குமாம். கிருமி அதைக் கெடுத்துவிடுமாம். எரிய வேண்டிய கொழுப்பு அங்கேயே தேங்கும். "அதான் இந்த அசதி. சோம்பேறித்தனம் இல்லம்மா."
அழுதுவிட்டேன். டாக்டரம்மா இதை என் மாமியாரை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஊசி மருந்துக்கு மதுரை போக வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் பார்க்கணும்.
பஸ்ஸில் ஒரே நினைப்பு: மாரிக்கும் இருக்கட்டும்.

செப். 25, செவ்வாய்
யாருக்கும் இல்லை. பிள்ளைகளுக்கு இல்லை, சாமிக்குக் கோடிக் கும்பிடு. மாரிக்கும் இல்லை என்றதும் சுருக்கென்றது. சே, என்ன புத்தி.
எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். சாப்பாட்டில் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை மாமியார் காதில் வாங்கவில்லை.

செப். 27, வியாழன்
மேகம். மழை இல்லை. குமட்டல், காபியைப் பாதியில் வைத்தேன். மாரி அந்தத் தம்ளரை எடுத்து, மாமியார் பார்க்க, வாய் வைத்துக் குடித்தாள்.
"ஒட்டுதான்னு பாப்பம் அத்தை."
மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார். மாரி என் பக்கம் திரும்பினாள்.
"எந்திரிக்காதீகக்கா. உங்க பங்குச் சரத்தையும் நான் பின்னிப்புடுறேன்."
இவர் அவளைப் பார்த்த பார்வையில் அம்புட்டு மரியாதை. என்னை அப்படிப் பார்த்ததில்லை. நன்றி சொல்ல வாய் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.
நல்லவளாகவும் அவளேதான் இருக்க வேண்டுமா?